பழைய சாரணர் மடக்குக் கத்தி: '…டென்' என்று மட்டும்தான் படிக்க முடிகிறது, ஸ்வீடனா?

எடிசன் முருகேசன்

எல்லாருக்கும் வணக்கம். இங்கே பழைய நாணயம், தபால்தலை, ரேடியோ பற்றியெல்லாம் எழுதுகிறீர்கள். கத்தி தெரிந்தவர் ஒருவராவது இருப்பார் என்று நம்பிக் கேட்கிறேன்.

நான் இருப்பது நியூஜெர்சியில். மகனுக்குப் பதினொரு வயது. கப் ஸ்கவுட் முடித்து, அடுத்த மாதம் பெரிய பையன்களோடு ட்ரூப்பில் சேரப்போகிறான். மூன்று வாரத்துக்கு முன்னால் பக்கத்துத் தெருவில் ஒரு எஸ்டேட் சேல். பெரியவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் வீட்டைக் காலி செய்கிறார்கள். நான் போனது ஏணி வாங்க. நான் போவதற்குள் ஏணி விற்றுவிட்டது. வெறுங்கையோடு திரும்ப மனசில்லாமல் கராஜில் கிடந்த ஒரு தூண்டில் பெட்டியை 12 டாலருக்கு எடுத்தேன். மீன் பிடிக்கத் தெரியுமா என்றால் தெரியாது.

வீட்டில் வந்து திறந்து பார்த்தால், அடித்தட்டில் ஈயக்குண்டுகளுக்கு நடுவில் இந்தக் கத்தி. மூடிய நிலையில் என் நடுவிரலைவிடக் கொஞ்சம் நீளம். நான்கு உறுப்புகள்: ஒரு பெரிய பிளேடு, டின் திறப்பான், ஸ்க்ரூடிரைவரும் பாட்டில் திறப்பானும் சேர்ந்த ஒன்று, தோலில் ஓட்டை போடுகிற ஊசி மாதிரி ஒன்று. ஒரு முனையில் கயிறு கட்ட வளையம். பிடி எலும்பு என்று நினைக்கிறேன், உளியால் கொத்தியதுபோல வரி வரியாக இருக்கிறது. ஒரு பக்கம் சாரணர் சின்னம் போட்ட சிறிய உலோகத் தகடு. மறுபக்கம் யாரோ ஆணியால் கீறிய இரண்டு எழுத்து, ஜே, கே. பக்கத்தில் 9 என்ற எண்.

இனிமேல் நான் செய்த காரியம். திட்டாதீர்கள். முழுக்கத் துரு. வினிகரில் ஊறவைத்தால் துரு போகும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். வீட்டம்மா ஊறுகாய்க்கு வைத்திருந்த பாட்டிலை எடுத்து, கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, கத்தியை அப்படியே முக்கிவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் துரு போயிருந்தது. கூடவே பிடியின் நிறமும் போயிருந்தது. தேன் நிறத்தில் இருந்தது சுண்ணாம்பு பூசிய மாதிரி வெளுத்துவிட்டது. பெரிய பிளேடின் அடியில் இரண்டு வரி எழுத்து இருந்தது. முதல் வரி கரைந்தேவிட்டது. இரண்டாவது வரியின் கடைசியில் ஆங்கிலத்தில் 'டென்' (DEN) மட்டும் தெரிகிறது. ஸ்வீடனில் செய்ததோ?

மூன்று கேள்வி. இது எந்த ஊர்க் கத்தி? நான் முழுக்கக் கெடுத்துவிட்டேனா, இன்னும் காப்பாற்றலாமா? இதை மகனிடம் கொடுக்கலாமா?

சுபா_டல்லாஸ்

மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில்: கொடுக்காதீர்கள். என் பையன் ஆறாவது படிக்கும்போது பையில் காகிதம் வெட்டுகிற சின்னக் கட்டர் ஒன்று கிடந்தது. மறந்துபோய்ப் பள்ளிக்குக் கொண்டுபோய்விட்டான். அதற்கே என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து இரண்டு மணி நேரம் பேசினார்கள், மூன்று நாள் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். இந்தக் காலத்தில் பதினொரு வயதுப் பையனுக்கு எதற்குக் கத்தி? கண்ணாடி அலமாரியில் வைத்துப் பாருங்கள், போதும்.

பழைய இரும்பு

முருகேசன் தம்பி, முதலில் ஒன்று. இதைப் படிக்கிற நேரத்தில் அந்தக் கத்தி வினிகர் வாசத்தோடேயே இருந்தால், உடனே எழுந்து போய் இதைச் செய்யுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு கரண்டி சமையல் சோடா கரைத்து, எல்லா உறுப்பையும் பாதி திறந்த நிலையில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். பழைய டூத்பிரஷ்ஷால் மூட்டுக்குள் தேயுங்கள். புளிப்பு உள்ளே தங்கினால் வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே ஸ்பிரிங் அரித்துக்கொண்டே போகும். அப்புறம் ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்து, ஈரம் போகக் காயவைத்து, மூட்டுக்கு ஒரு சொட்டு மினரல் ஆயில். நல்லெண்ணெய் மாதிரி சமையல் எண்ணெய் வேண்டாம், நாளாவட்டத்தில் பிசின் மாதிரி இறுகிவிடும்.

செய்துவிட்டீர்களா? சரி, இப்போது பேசலாம்.

எலும்பு ஏன் வெளுத்தது என்றால், முட்டையை வினிகரில் போட்டால் ஓடு கரைகிறதே, அதே கதைதான். எலும்பில் இருப்பதும் சுண்ணாம்புச் சத்து. மேல்பரப்பு மென்மையாகிப்போயிருக்கும், சாயமும் போயிருக்கும். அது திரும்ப வராது. தினம் கையில் வைத்துத் திறந்து மூடினால் கை எண்ணெயிலேயே கொஞ்சம் நிறம் ஏறும். சாயம் போடுகிறேன், வார்னிஷ் அடிக்கிறேன் என்று மட்டும் இறங்கிவிடாதீர்கள்.

நான் கோயம்புத்தூர்க்காரன். ஊரில் பவுண்டரி, இங்கே வந்து டூல் ரூம், எல்லாம் சேர்த்து முப்பது வருஷம் இரும்போடுதான். பையன்களின் மடக்குக் கத்தி சேர்க்க ஆரம்பித்துப் பதினாறு வருஷம் ஆகிறது. வேட்டைக் கத்தி, ராணுவக் கத்தி பக்கம் போவதில்லை. பையன்கள் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்த கத்தி மட்டும்தான்.

ஸ்வீடன் இல்லைங்க. அமெரிக்கச் சாரணர் சின்னம் இருக்கிறது, எலும்புப் பிடி இருக்கிறது, வளையம் இருக்கிறது, 'டென்' என்று முடிகிறது. அது வால்டன். உங்கள் வீட்டிலிருந்து காரில் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும், நியூயார்க் மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். ஒரு காலத்தில் அந்த ஊருக்கே கத்திதான் சோறு. 1850-களில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்து வந்த கத்திக் கொல்லர்கள் சேர்ந்து நியூயார்க் நைஃப் கம்பெனி என்று தொடங்கி, 1856-ல் அங்கே குடியேறினார்கள். அமெரிக்காவில் சாரணர் இயக்கம் 1910-ல் தொடங்கியது. அடுத்த வருஷமே, 1911-ல், அதிகாரபூர்வமான முதல் சாரணர் கத்தியைச் செய்தது இந்தக் கம்பெனிதான். 1931-ல் பொருளாதார மந்தம் வந்து இழுத்து மூடிவிட்டார்கள். ஆக, உங்கள் கத்தி அவர்களுடையதாக இருந்தால் எந்தக் கணக்கில் பார்த்தாலும் தொண்ணூறு வயதுக்கு மேல்.

ஆனால் 'இருந்தால்'. வால்டனில் கத்திக் கம்பெனி மூன்று. நியூயார்க் நைஃப் ஒன்று, வால்டன் நைஃப் ஒன்று, 1904-ல் வந்த ஷ்ரேட் ஒன்று. மூவருமே ஊர் பெயரைப் பொறித்தவர்கள். அதனால் நீங்கள் செய்ய வேண்டியது: ராத்திரி அறையை இருட்டாக்கி, ஒரே ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில், பிளேடோடு படுக்கிற மாதிரி பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாதது சாய்ந்த வெளிச்சத்தில் நிழலாகத் தெரியும். பெரிய பிளேடின் இரண்டு பக்க அடியையும் பாருங்கள். சுத்தியலைப் பிடித்த ஒரு கை தெரிகிறதா என்று சொல்லுங்கள். அது நியூயார்க் நைஃபின் முத்திரை, 'ஹாமர் பிராண்ட்'.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது, வாங்கப் போகிற எல்லாருக்கும் சொல்கிறேன். கம்பெனி மூடிய பிறகு அந்த ஹாமர் பிராண்ட் பெயரை ராட் ஐலண்டின் பிராவிடன்ஸில் இருந்த இம்பீரியல் கம்பெனி வாங்கியது. அதைத் தன்னுடைய மலிவான கத்திகளில் அடித்துத் தள்ளியது. அவற்றின் பிடி உள்ளே வெற்றுத் தகரம், மேலே வண்ணப் பூச்சு மாதிரி ஒரு பிளாஸ்டிக் ஓடு, விளிம்பில் மடித்துப் பிடித்திருப்பார்கள். கையில் எடுத்தால் காலித் தீப்பெட்டி மாதிரி எடையே இருக்காது. 'பழைய ஹாமர் பிராண்ட், அபூர்வம்' என்று மேசையில் அட்டை எழுதி வைத்திருப்பார்கள். முதல் வருஷம் நானே 40 டாலர் கொடுத்து ஒன்று வாங்கினேன். அதை இன்னும் வைத்திருக்கிறேன், பாட்டில் திறக்க.

பிடி நிஜ எலும்பா என்று எப்படித் தெரிந்துகொள்வது? உதட்டில் வைத்தால் சில்லென்று இருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் மிளகுத் தூள் தூவிய மாதிரி கறுப்புப் புள்ளி தெரியும், ரத்தக் குழாய் ஓடிய துளைகள் அவை. 1960-ல் டூபாண்ட் கம்பெனியின் டெல்ரின் பிளாஸ்டிக் சந்தைக்கு வந்த பிறகு, எலும்பு மாதிரியே வரி போட்டு அச்சில் வார்த்தார்கள். அதில் புள்ளி இருக்காது, பத்துக் கத்தியை வரிசையாக வைத்தால் வரிகள் ஒன்றுபோலவே இருக்கும். உங்களுடையது வினிகரில் வெளுத்ததே பெரிய சாட்சி. டெல்ரின் என்றால் வினிகர் அதை ஒன்றும் செய்திருக்காது. சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்வார்கள் சிலர், செய்யவே செய்யாதீர்கள். பிடி செல்லுலாய்டாக இருந்தால் குப்பென்று பற்றிக்கொள்ளும்.

செல்லுலாய்ட் என்றதும் என் வயிறு எரிகிறது. 1920, 30-களில் பையன்களுக்கு வந்த வண்ணப் பிடிகள் எல்லாம் அதுதான். முத்துச்சிப்பி மாதிரி, மிட்டாய் மாதிரி, அவ்வளவு அழகு. முகர்ந்தால் சூடம் வாசம் வரும், கற்பூரம் கலந்துதான் செய்தார்கள். வயதாக ஆக அது தானாகவே சிதைந்து அமிலப் புகை விடும். இது தெரியாமல் நான் பதினோரு கத்தியை ஒரே பிஸ்கட் டின்னில் போட்டு மாடியில் வைத்திருந்தேன். ஒரு கோடை முடிந்து திறந்தால், நடுவில் இருந்த ஒரு சிவப்புப் பிடி உதிர்ந்து கிடக்கிறது. அதைச் சுற்றி இருந்த ஆறு கத்தியும் பச்சையும் சிவப்பும் பூத்துப்போய்விட்டன. ஒரு வாழைப்பழம் அழுகினால் சீப்பே போகிற மாதிரி. செல்லுலாய்டைத் தனியாக, காற்றோட்டமாக வையுங்கள். தோல் உறையிலும் எந்தக் கத்தியையும் போட்டு வைக்காதீர்கள், தோல் பதனிட்ட சாமானே பித்தளையைப் பச்சை பிடிக்க வைத்துவிடும்.

கடைசியாக அந்த ஜே, கே, 9. அதைத் தேய்த்து எடுத்துவிடாதீர்கள். கண்ணாடி மாதிரி இருக்கிற கத்திக்குத்தான் சந்தையில் விலை, நான் மறுக்கவில்லை. ஆனால் நான் தேடி வாங்குவது பெயர் கீறிய கத்திதான். புதிதாகவே இருக்கிற சாரணர் கத்தி என்றால், எந்தப் பையனும் அதைத் தொடவில்லை என்றுதானே அர்த்தம்? என்னிடம் ஒரு கத்தி இருக்கிறது, வளையம் பக்கம் ஒரு விரற்கடை அளவு சிவப்புப் பெயிண்ட் அடித்திருக்கிறது. புல்லில் விழுந்தால் கண்டுபிடிக்க அடித்திருப்பான் என்று நினைக்கிறேன். அந்தக் கத்தியை யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.

லெஸ்டர் மயூரன்

பழைய இரும்பு ஐயா, ஷெஃபீல்ட் எண்டு கண்டதும் எழுத வந்தனான். நாங்கள் வில்லுக்கத்தி எண்டுதான் சொல்லுவம். இங்கே பிரிட்டனில் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் பூட் சேல் எண்ட பழைய சாமான் சந்தைக்குப் போனால் ஒவ்வொரு மேசையிலும் ஒன்றாவது கிடக்கும். பெரும்பாலும் பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய கத்தி. கறுப்புப் பிடி, கட்டம் கட்டமாக வெட்டியிருக்கும், முதுகில் கயிற்று முடிச்சு அவிழ்க்கிற தடித்த முள், அம்புக்குறி அரச முத்திரை. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து அந்தச் சாமான் எல்லாம் உபரிக் கடைகளுக்கு வர, இங்கத்தைய சாரணப் பொடியள் அதைத்தான் இடுப்பில் கட்டித் திரிந்தவங்கள். அந்த வயதுக்காரர் ஒருவர் எனக்கு விற்கும்போது, குதிரைக் குளம்பில் இருந்து கல் எடுக்கிற கதையைச் சொல்லிச் சிரித்தார். அவர் வளர்ந்தது பர்மிங்ஹாமில், குதிரையைக் கிட்டவே கண்டதில்லையாம்.

சுபா அக்கா சொன்னதுக்கு: இங்கே சட்டம் சரியான இறுக்கம். பூட்டு விழாத மடக்குக் கத்தி, பிளேடு 3 அங்குலத்துக்கு மேற்படாதது என்றால் மட்டும்தான் காரணம் சொல்லாமல் வெளியில் வைத்திருக்கலாம். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவருக்குக் கத்தி விற்கவும் ஏலாது, சின்ன மடக்குக் கத்தி மட்டும் விலக்கு. நான் வாங்கினால் பையில் அடியில் போட்டு நேரே வீட்டுக்குத்தான்.

என்னுடைய அம்மப்பாவிடம் ஷெஃபீல்டில் செய்த ஒரு ஜோசப் ரொட்ஜர்ஸ் கத்தி இருந்தது, நட்சத்திரமும் சிலுவையும் போட்டது. பாக்கு வெட்ட, மாங்காய் சீவ, பென்சில் தீட்ட எல்லாத்துக்கும் அதுதான். சாணை பிடிச்சுப் பிடிச்சுப் பிளேடு ஈர்க்கில் மாதிரி வந்திட்டுது. 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் வீட்டோடு போயிட்டுது. நான் சேர்க்கத் தொடங்கினதே அதே மாதிரி ஒன்று அகப்படுமா எண்டுதான். அகப்படுது, ஆனால் பிளேடு முழுசாக இருக்கிறது.

எடிசன் முருகேசன்

அண்ணா, சுத்தியல் கை தெரிகிறது!

சோடா அலசல் நேற்றே முடித்துவிட்டேன். அலசிய தண்ணீர் தேநீர் நிறத்தில் வந்தது, நான்காவது முறைதான் தெளிந்தது. ராத்திரி மகனும் நானும் குளியலறையில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தோம். அவன் டார்ச் பிடித்தான், நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டே வைத்துப் பார்த்தேன். முதலில் ஒன்றும் இல்லை. டார்ச்சைத் தாழ்த்தத் தாழ்த்த, மணிக்கட்டு வரை ஒரு கை, அதில் சுத்தியல். கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. மகன் ஒரு கத்து கத்தினான், வீட்டம்மா ஓடிவந்து, இரண்டு பேரும் இருட்டில் கத்தி வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள்.

பிடியிலும் மிளகுத் தூள் புள்ளி தெரிகிறது. டின் திறப்பான் பெரிதாக, கிளி மூக்கு மாதிரி இருக்கிறது. எடையும் நல்ல கனம், தகரம் இல்லை.

சுபா மேடம், உங்கள் பயம் நியாயம்தான். பள்ளிக்கு இது போகாது, பள்ளிப் பை வைக்கிற அலமாரியில்கூட வைக்கமாட்டேன். ஆனால் சாரணர்களில் சும்மா கொடுப்பதில்லை. கப் ஸ்கவுட்டில் இருந்தபோது சோப்புக் கட்டியில் செதுக்கித்தான் பழக்கினார்கள், என் பையன் செதுக்கிய ஆமை இன்னும் வாஷ்பேசினில் இருக்கிறது. இனி ட்ரூப்பில் கத்தி, கோடரி, ரம்பம் மூன்றையும் பிடிக்கத் தெரியும் என்று காட்டினால் 'டோட்டின் சிப்' என்று ஓர் அட்டை தருவார்கள். அது இருந்தால்தான் கத்தியைத் தொடலாம். தப்பு செய்தால் அட்டையின் ஒரு மூலையை வெட்டிவிடுவார்கள், நான்கு மூலையும் போனால் அட்டையும் போச்சு, கத்தியும் போச்சு. உட்கார்ந்து செதுக்குவதற்கு முன்னால் கையை நீட்டிச் சுற்றித் திரும்பி, எட்டும் தூரத்தில் யாரும் இல்லை என்று பார்க்க வேண்டும். கத்தியை இன்னொருவரிடம் கொடுத்தால், வாங்கியவர் 'தேங்க் யூ' சொல்லும் வரை கையை எடுக்கக்கூடாது. சாப்பாட்டு மேசையில் வெண்ணெய் தடவுகிற கத்திக்கும் இதையே செய்கிறான்.

அண்ணா, இன்னும் இரண்டு விஷயம். பிளேடில் சிவப்புப் போய்விட்டது, ஆனால் கறுப்புத் திட்டு இருக்கிறது, அதையும் எடுக்க வேண்டுமா? அப்புறம், ஜே, கே பக்கத்தில் தன் பெயர் எழுத்தையும் கீறலாமா என்று பையன் கேட்கிறான்.

பழைய இரும்பு

சந்தோஷம்ங்க. கையும் சுத்தியலும், வால்டனும், நிஜ எலும்பும், சாரணர் தகடும். 1911-க்கும் 1931-க்கும் நடுவில், நியூயார்க் நைஃப்தான். அந்தக் கிளி மூக்கும் அதோடு ஒத்துப்போகிறது. இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தியவற்றில் டின் திறப்பான் சின்னதாக, ஒடுக்கமாக வந்துவிடும்.

விலையைக் கேட்டுவிடுவீர்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். வினிகருக்கு முன்னால் என்னிடம் கொண்டுவந்திருந்தால், இருநூறு டாலர்வரை நான் பேசியிருப்பேன். இப்போது அதில் கால்வாசிக்கு மேல் போகமாட்டேன். எழுத்துப் போன கத்திக்கும், வெளுத்த எலும்புக்கும் அவ்வளவுதான். 12 டாலருக்கு வாங்கியவர் அழக்கூடாது.

கறுப்புத் திட்டை விட்டுவிடுங்கள். இது கார்பன் இரும்பு, துருப்பிடிக்காத ஸ்டீல் இல்லை. சிவப்பாக, விரலில் ஒட்டினால் உயிரோடு இருக்கிற துரு, அதை எடுக்க வேண்டும். கறுப்பாக, சாம்பலாக, வழவழவென்று இருந்தால் அது ஆறிப்போன புண்ணின் பொருக்கு, அதுதான் இனிமேல் காப்பு. ஊரில் அரிவாள்மனையை யாராவது பளபளக்கத் தேய்த்துப் பார்த்திருக்கிறீர்களா? பத்து மாங்காய் வெட்டினால் கறுத்துவிடும். அதேதான். ரொம்ப உறுத்தினால் நான்கு சைபர் போட்ட மெல்லிய ஸ்டீல் வுல்லில் எண்ணெய் தொட்டு ஒரு துடை. சாணை மெஷினில் மட்டும் வைத்துவிடாதீர்கள். பொறி பறக்கச் சூடேறினால் விளிம்பு நீலம் பாரித்து மென்மையாகிவிடும், அப்புறம் தக்காளிகூட வெட்டாது.

பிளேடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்க ஒரு வழி. மூடிவிட்டு, நகம் வைத்துத் திறக்கிற பள்ளம் பிடிக்கு வெளியே எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். திறந்து பார்த்தால் முனை நடுக்கோட்டில் இருக்க வேண்டும், ஈட்டி மாதிரி. ஒரு பக்கம் சரிந்திருந்தால் அந்தப் பக்கம் சாணைக்குப் போய்விட்டது. திறக்கும்போது முதுகு ஸ்பிரிங் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நிற்க வேண்டும். திறந்து நின்றதும் பிளேடின் முதுகும் ஸ்பிரிங்கும் ஒரே மட்டமாக இருந்தால், செய்தவன் வேலைக்காரன்.

பையனுக்கு இதையே கொடுக்க வேண்டாம். அலமாரிக்கு என்றும் சொல்லவில்லை. வினிகரில் ஊறிய எலும்பு எங்கே கீறல் விடும் என்று தெரியாது, நெம்பினால் பிளந்துவிடும். இன்னொரு காரணம், இந்தக் கத்திகளில் எதற்கும் பூட்டு கிடையாது, ஸ்பிரிங் மட்டும்தான். பெரிய பிளேடை எல்லாரும் ஜாக்கிரதையாகத்தான் பிடிப்பார்கள். கையைக் கடிப்பது அந்தத் தோல் துளைக்கிற ஊசிதான். அழுத்தித் திருகும்போது சட்டென்று மடிந்து விரல் கணுவில் இறங்கும். என் சுட்டுவிரலில் மூன்று தையல் அதனால்தான். பையனுக்கு முதல் பாடமே இதைச் சொல்லுங்கள்: ஊசியை ஒரே பக்கமாகத் திருகு, மடிகிற பக்கமாக அழுத்தாதே.

அவனுக்கு 1960, 70-களின் கேமில்லஸ் அல்லது அல்ஸ்டர் ஒன்று வாங்கிக் கொடுங்கள். இரண்டுமே நியூயார்க் மாநிலத்துக்காரர்கள், சாரணர்களுக்கு அதிகாரபூர்வமாகச் செய்தவர்கள். டெல்ரின் பிடி, தண்ணீரில் விழுந்தாலும் பயமில்லை. ஃப்ளீ மார்க்கெட்டில் கிளறினால் 15, 20 டாலருக்குக் கிடைக்கும். அதில் அவன் பெயரை என்ன ஆழத்துக்கு வேண்டுமானாலும் கீறிக்கொள்ளட்டும். வால்டன் கத்தியில் வேண்டாம். ஜே, கே இருக்கிற இடத்தில் ஜே, கே மட்டும் இருக்கட்டும்.

கோபே கண்மணி

சாரணர் கத்தி என்று தலைப்பைப் பார்த்து வந்தேன். ஜப்பானில் நான் இருக்கிற கோபேக்குப் பக்கத்திலேயே மிகி என்று ஒரு ஊர். ஹிகோனோகாமி என்ற மடக்குக் கத்தி பிறந்த இடம். 1890-களிலிருந்து செய்கிறார்கள். ஸ்பிரிங்கும் கிடையாது, பூட்டும் கிடையாது. தகட்டை மடித்த உறைதான் பிடி, அதற்குள் ஒரு பிளேடு, பிளேடுக்கு ஒரு வால். அந்த வாலைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டால்தான் கத்தி திறந்து நிற்கும். அழுத்துகிற விரலை எடுத்தால் மடங்கும், அவ்வளவுதான் தொழில்நுட்பம்.

என் வீட்டுக்காரரின் தாத்தா காலத்தில் பள்ளிக்கூடப் பையன் என்றால் பையில் அது இருக்குமாம். பென்சில் சீவவும், மூங்கிலில் தட்டான் பொம்மை செதுக்கவும். சுபா சொன்ன பயம் இங்கே 1960-லேயே வந்துவிட்டது. அந்த வருஷம் அக்டோபர் 12-ம் தேதி, சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் அசானுமாவை டோக்கியோவில் மேடையிலேயே ஒரு பதினேழு வயதுப் பையன் குத்திக் கொன்றான். அது குட்டை வாள். ஆனால் அதன்பிறகு பிள்ளைகள் கையில் கத்தியே கூடாது என்று நாடு முழுக்க இயக்கம் நடந்தது. பென்சில் திருகுகிற மெஷின் வகுப்பறைக்கு வந்தது, மிகியில் பட்டறைகள் ஒவ்வொன்றாகப் படுத்தன. இன்றைக்கு அந்தப் பெயரைப் பொறிக்கிற உரிமையோடு செய்வது ஒரே ஒரு குடும்பப் பட்டறைதான், நகாவோ காநெகோமா.

நான் ஒன்று வாங்கினேன், பித்தளைப் பிடி. கொத்தமல்லிக் கட்டு அறுக்கத்தான் பயன்படுகிறது. வெளியே கொண்டுபோக முடியாது, காரணமில்லாமல் கத்தி வைத்திருந்தால் போலீஸ் கேட்கும். மாமியார் பென்சில் சீவிக் காட்டினார். ஒரு சுருள், அறுபடாமல், பென்சில் நுனி வரை. அந்த அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. பையன்களுக்கு மட்டும்தான் கத்தி கொடுப்பார்களாம், அண்ணனுடையதைத் திருடிப் பழகியதாகச் சொன்னார்.

எடிசன் முருகேசன்

எல்லாருக்கும் நன்றி. போன ஞாயிறு ஃப்ளீ மார்க்கெட்டில் ஒரு கேமில்லஸ் கிடைத்தது, 18 டாலர். பழுப்பு டெல்ரின், வரிகள் அச்சில் வார்த்ததுதான், புள்ளி இல்லை, உதட்டில் வைத்துப் பார்த்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். திறந்தால் 'டக்'. அதே மேசையில் ஹாமர் பிராண்ட் போட்ட சிவப்புப் பிடி ஒன்று, 'மிக அபூர்வம்' அட்டையோடு, 45 டாலர். கையில் எடுத்துப் பார்த்தேன், தீப்பெட்டி. பழைய இரும்பு அண்ணா, உங்களை நினைத்துக்கொண்டு திரும்ப வைத்துவிட்டேன்.

வால்டன் கத்தி என் மேசையில் இருக்கிறது. ஞாயிறு காலை பையன் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு நான்கு உறுப்பையும் ஒவ்வொரு முறை திறந்து மூடுகிறான். பிடியில் மஞ்சள் கொஞ்சம் ஏறின மாதிரி இருக்கிறது, இல்லையென்றால் எனக்குத் தோன்றுகிறது.

செவ்வாய்க்கிழமை அட்டை வாங்கிவிட்டான். இப்போது வீட்டில் வேறு தகராறு. அம்மா ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கிறார்கள். நேற்று ஆப்பிள் வெட்ட வேண்டும் என்று கேட்டார்கள். இவன் கேமில்லஸை மூடி, இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு 'தேங்க் யூ' சொல்வதற்காக நிற்கிறான். அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, 'கத்தியைக் கையில் குடுக்காதடா, சண்டை வரும், கீழ வை, எடுத்துக்கறேன்' என்கிறார்கள். இவன் கீழே வைக்க மாட்டான், கத்தியைத் தரையில் போட்டால் அட்டையில் மூலை போய்விடுமாம். அம்மா கையில் வாங்க மாட்டார்கள். ஆப்பிளை நான் அரிவாள்மனையில் வெட்டினேன்.